பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று

கப்பலூர் சிட்கோவில், தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால்,
எங்கள் உலைக்கு இரவு பகல் கிடையாது.
கவிழ்த்த அண்டா மாதிரி ஒரு மூடி. அதற்குள்
நான்கு தகட்டுச் சுருள்கள், ஒன்றின் மேல் ஒன்றாக,
அறுநூற்று எண்பது டிகிரியில்.

உருளைகளுக்கு நடுவே சூடே இல்லாமல் நசுங்கி வந்தவை.
மூன்று மில்லிமீட்டர் ஒன்றாகிப்போன இறுக்கம்
நீண்டு சப்பையான மணிகளாக உள்ளே கிடக்கும்.
போதும், விடு என்று சொல்லும் சூடு.
இரும்பும் விடும்.
பழைய மணிகள் கிடந்த இடத்தில்
புதியவை முளைக்கும், உருண்டையாக, பகை மறந்து.

வழக்கமாக.

ஆனி பதினொன்று. உசிலம்பட்டி ரோட்டு அடுப்புக் கம்பெனிக்குப் போன லாரி
போன சரக்கோடு திரும்பி வந்தது.
அச்சில் அழுத்தியதும் கிழிந்துபோன கிண்ணங்கள்,
நூற்றுப் பதினாறு.
எல்லாம் வளைவில்தான், எல்லாம் ஒரே சிரிப்பு.

"உலைக்காரன் தூங்கிட்டான்" என்றார் தங்கமாரியப்பன் சார்.
மொக்கராசு தூங்கவில்லை.
வெப்ப வரைபடத் தாளில் மணிக்கு ஒரு கையெழுத்து,
பக்கத்திலேயே எண்ணெய்ப் பெருவிரல்.
இரண்டு நாள் சம்பளம் பிடித்தம் என்று
அதற்குள் பேரேட்டில் ஏறிவிட்டது.

என் வேலை குத்திப் பார்ப்பது.
கடுகளவு குண்டு, தகட்டின் மேல் ஒரு பள்ளம்,
முள் காட்டும் எண்ணை எழுதிக்கொள்வேன்.
ஐம்பது இருக்க வேண்டிய இடத்தில் எண்பத்து நான்கு.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குத்தினேன்:
எண்பத்து மூன்று.
கூட வெந்த மற்ற மூன்று சுருள்களோ
ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது, ஐம்பத்திரண்டு.

ஒரே மூடி, ஒரே தீ, ஒரே ராத்திரி.
பந்தியில் ஒருவனுக்கு மட்டும் பசி அடங்கவில்லை என்றால்
சமையல்காரனையா அடிப்பது?

எங்கள் எந்திரத்தில் ஆர்கான் தீர்ந்து பதினாறு நாள்.
வெட்டிய துண்டைச் சோற்றுப் பையில் போட்டுக்கொண்டு
திருமங்கலத்திலிருந்து வந்த பஸ்ஸில் நின்றபடி
பழங்காநத்தம் போனேன், அங்கே ஒரு பரிசோதனைக் கூடம்.
டிக்கெட் காசை இன்னும் கேட்கவில்லை.

அறிக்கை வந்தது.
கரி சரி. மாங்கனீசு ஒரு படி கூடுதல், பொறுக்கலாம்.
அலுமினியம் உண்டு; மெதுவாகச் சூடேற்றினால்
நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு நமக்கு நல்லதே செய்யும்.
கடைசி வரியில், நாங்கள் அழைக்காத ஒரு பெயர்:
நியோபியம், பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று.

டன்னுக்கு முந்நூறு கிராம்.
அரைக்கிலோ ரவைப் பொட்டலத்துக்கும் காணாது.

மாசி வீதி முக்கில் தேரை நிறுத்துவது
வடம் பிடித்த ஆயிரம் பேர் அல்ல,
சக்கரத்தடியில் செருகும் முட்டுக்கட்டை.
இதுவும் அப்படித்தான். கரியோடு கூடி,
கண்ணுக்குத் தெரியாத கட்டைகளாகி,
ஒவ்வொரு மணியின் ஓரத்திலும் உட்கார்ந்துவிடும்.
பழையது நகராது. புதியது முளைக்காது.
அறுநூற்று எண்பது அதற்குச் சித்திரை வெயில்.

இது அழுக்கும் இல்லை.
எங்கோ ஒருவர் அளந்துதான் போட்டிருக்கிறார்,
லாரிச் சட்டத்தைத் தாங்கும் தகட்டுக்கு.
சீட்டு மாறி எங்களிடம் வந்திருக்கிறது.

"எழுநூத்தி நாப்பதுக்கு ஏத்தும்மா, இளகாமப் போயிருமா?"
ஏற்றலாம் சார், இளகவும் கூடும்.
அந்தச் சூட்டில் கூட வேகிற மூன்றும்
ஒட்டிக்கொண்டு, மணி பெருத்து,
அழுத்தினால் ஆரஞ்சுத் தோலாக வரும்.
அவர் காலண்டரைப் பார்த்தார்.

சுருள் தாங்கு தகடு செய்பவரிடம் போய்ச் சேர்ந்தது,
கிலோவுக்கு நாலு ரூபாய் குறைத்து.
மொக்கராசுக்குப் பிடித்த இரண்டு நாளில்
ஒரு நாள் திரும்பி வந்தது.
இன்னொன்றுக்கு, "கணக்கு மூடியாச்சு."

"முந்நூறு கிராமாக்கா?" என்றான் அவன்,
உள்ளங்கையை ஏந்தி, ஏதோ எடை பார்ப்பவன் போல.

இப்போதெல்லாம் கிரேன் கொக்கி இறங்கும்போது
ஒவ்வொரு சுருளையும் ஸ்பேனரால் இரண்டு தட்டு.
"உள்ள யாராச்சும் இருக்கீகளா?"
சிரிக்காமல்தான் கேட்கிறான்.
பதிலுக்குக் கொஞ்சம் நிற்கவும் செய்கிறான்.